பெரியாஸ்பத்திரியில் விழுந்தவர்களுக்குப் புதுடில்லி இன்னும் பதில் சொல்லவில்லை

 1987இல் தீபாவளி வந்தது ஒக்டோபர் 21இல். அன்று யாழ்ப்பாணத்தில் எண்ணெய் வைத்து முழுகியவர்கள் இல்லை. ஊரடங்கு, மின்சாரம் இல்லை, கோட்டையிலிருந்து ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலிலும் பாடசாலைகளிலும் சனம் பாயை விரித்துக் கிடந்தது. நடக்க முடியாதவர்களும் காயப்பட்டவர்களும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையான பெரியாஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியை ஆரும் அடிக்கமாட்டினம் என்ற நம்பிக்கையில் நோயில்லாதவர்களும் அங்கே ஒதுங்கியிருந்தார்கள்.

அன்று பின்னேரமும் மறுநாட் காலையும் இந்திய இராணுவம் அந்த வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் பணியாளர்கள் மட்டும் 21 பேர் இறந்தார்கள். நோயாளர்களையும் அடைக்கலம் புகுந்தவர்களையும் சேர்த்தால் தொகை எழுபதை நெருங்குகிறது. 2025 ஒக்டோபரோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இந்திய அரசு இதுவரை ஒரு பகிரங்க விசாரணை வைக்கவில்லை. ஒருவரையும் தண்டிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இதை நாம் கண்டிக்கிறோம். வருடா வருடம் ஒரு தலையங்கம் எழுதித் தீர்க்கும் கடமையாக இதை எழுதவில்லை. 2025இல் நடந்த ஒரு காரியம் எம்மை இவ்வளவு கடுமையாக எழுத வைத்திருக்கிறது.

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்புக்கு வந்தார். பத்தரமுல்லையில் உள்ள இந்திய அமைதிப்படை நினைவுத்தூபியில் மலர்வளையம் வைத்தார். அதே பயணத்தில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றிலும் கைச்சாத்திட்டன. இறந்த படையினரை ஒரு நாடு நினைவுகூருவதில் எமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இந்தத் தீவில் உயிரை விட்டார்கள். பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் விழுந்த இடம் எங்கள் கந்தரோடை. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். ஆனால் அந்தப் படை இந்த மண்ணில் கொன்ற பொதுமக்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அந்தப் படைக்கு மட்டும் வளையம் வைத்துவிட்டு, அடுத்த மேசையில் புதிய இராணுவ உடன்படிக்கைக்குக் கையெழுத்து வைப்பது நியாயமல்ல. பழைய கணக்குத் தீராமல் புதுக் கொப்பி திறக்கிறார்கள்.

நடந்ததை இளையவர்களுக்காக ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ் ஆயுத இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. 1987 மே மாதம் இலங்கை இராணுவம் வடமராட்சியில் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தொடங்கியபோது, ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாண வானிலிருந்து உணவுப் பொதி போட்டன. சனம் வீட்டுக் கூரைகளில் ஏறிக் கைகாட்டியது. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி இந்தியப் படை பலாலியில் வந்து இறங்கியபோது எங்கள் தாய்மார் மாலை போட்டு வரவேற்றார்கள். இந்திரா காந்தியின் படம் மாட்டியிருந்த வீடுகள் அன்று எத்தனை! செப்டெம்பரில் நல்லூர் வீதியில் விடுதலைப் புலிகளின் திலீபன் பன்னிரண்டு நாள் தண்ணீரும் குடியாமல் உண்ணாவிரதம் கிடந்து இறந்தார். ஒக்டோபர் 5இல் பலாலியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிருவர், கொழும்புக்குக் கொண்டுபோகப்பட இருந்த வேளையில் சயனைட் அருந்தி மாண்டார்கள். அதன் பின்னர் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைப் புலிகள் கொன்றார்கள். பிடித்து வைத்திருந்த இலங்கைப் படையினரையும் கொன்றார்கள். ஒக்டோபர் 10இல் புலிகளுக்கு எதிரான இந்தியப் படையின் ‘ஒப்பரேஷன் பவான்’ தொடங்கியது. காப்பாற்ற வந்ததாகச் சொன்ன படை எழுபத்தைந்து நாட்களுக்குள் எங்கள் வீடுகளுக்கு மேல் ஷெல் அடித்தது.

முதல் நாளே ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகிய நாளேடுகளின் அச்சகங்களை அந்தப் படை வெடி வைத்துத் தகர்த்தது. பத்திரிகைக்காரர்களாகிய எமக்கு இது தனியாக உறுத்துகிற விடயம். பதினொரு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குள் நடந்ததை ஊருக்குச் சொல்ல அச்சு யந்திரங்கள் இல்லாமற் போனதற்கும் அந்த வெடிக்கும் தொடர்பில்லை என்று எம்மை எவராவது நம்ப வைக்க முடியுமா?

ஒக்டோபர் 11 நள்ளிரவு கடந்து பல்கலைக்கழக மருத்துவபீடத்துக்கு அருகே ஹெலியில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படையினர் முப்பது பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்கள். புலிகளின் தலைமையை ஒரே இரவில் பிடித்துவிடலாம் என்று போட்ட திட்டம் அது. அந்தத் தோல்வியின் வெஞ்சினம் மறுநாளே கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் இறங்கியது. அங்கே பொதுமக்கள் சுடப்பட்டார்கள். தாங்கியின் கீழ் நசுக்கப்பட்டவர்களும் உண்டு. அந்த ஒழுங்கையில் இன்றும் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. கொக்குவில் இந்துக் கல்லூரி அகதி முகாமிலும் ஷெல் விழுந்தது.

இனி ஆஸ்பத்திரி.

ஒக்டோபர் 21 முற்பகலிலிருந்தே ஷெல்கள் வளாகத்துக்குள் விழத் தொடங்கிவிட்டன. ஒரு விடுதியில் விழுந்த ஷெல்லுக்குப் பல நோயாளர்கள் பலியானார்கள். பின்னேரம் இரண்டு மணிபோல ஆயுதம் தாங்கிய புலிகள் சிலர் உள்ளே வந்தார்கள். வைத்தியர் கணேசரத்தினம் அவர்களிடம் போய், இங்கே நிற்கவேண்டாம், வெளியே போங்கள் என்று சொன்னார். ஆயுதத்தோடு நிற்பவனிடம் ஸ்டெதஸ்கோப்போடு போய் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும். அவர்கள் போனார்கள். போனவர்கள் உடுப்பையும் சன்னங்களையும் சிலதை விட்டுப்போயிருந்தார்கள். நாலு மணி கழிந்து ஆஸ்பத்திரி வீதிப் பக்கமாக இந்தியப் படையினர் நுழைந்தார்கள். நடைபாதைகளை நோக்கிச் சுட்டார்கள். மேற்பார்வையாளர் அலுவலகத்துக்குள் சுட்டார்கள். எக்ஸ்றே பகுதிக்குள் பதுங்கியிருந்தவர்கள் மேல் சுட்டார்கள், கைக்குண்டு எறிந்தார்கள். கையை உயர்த்தி, நாங்கள் அப்பாவிகள், இந்திரா காந்தியின் ஆட்கள் என்று கெஞ்சிய ஒரு தொழிலாளிக்கும் கிடைத்தது கைக்குண்டுதான் என்பது தப்பியவர்களின் சாட்சியத்தில் இருக்கிறது. புலிகளை வெளியே போகச் சொன்ன கணேசரத்தினம் அன்று இறந்தார். வைத்தியர் பரிமேலழகரும் இறந்தார்.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். பிணங்களுக்குக் கீழே மூச்சை அடக்கிக் கிடந்தவர்கள் காலை வரை அப்படியே கிடந்தார்கள். இருமியவர் மேல் கைக்குண்டு எறியப்பட்டது. 

விடிந்தபின் குழந்தை நல வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மூன்று தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு நடந்து வந்தார். நாங்கள் வைத்தியர்கள், தாதியர்கள், சரணடைகிறோம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இரவு முழுக்க உயிரோடு கிடந்த காயக்காரர்களைக் காப்பாற்றலாம் என்று வந்தார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தாதியர் காயப்பட்டார்கள். யுத்தத்தின் வெறியில், இருட்டில், சத்தத்தில் நடந்துவிட்டது என்று முதல் நாள் மாலைக்குச் சமாதானம் சொல்ல முயல்கிறவர்களும் இந்தக் காலைக்கு என்ன சொல்வார்கள்? அது பகல். அவர் கையில் எதுவும் இல்லை. பதினாறு மணித்தியாலம் அந்தக் கட்டிடம் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. முற்பகலில் அதிகாரி ஒருவர் வந்த பிறகே சூடு நின்றது. ஓர் அதிகாரியால் நிறுத்த முடிந்தது என்றால், அதற்கு முந்திய மணித்தியாலங்களில் அதிகாரிகள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு இந்திய இராணுவம் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தியத் தரப்பு அன்று சொன்ன பதில், புலிகள் ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து சுட்டார்கள், இடையில் அகப்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது. அதையும் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பார்ப்போம். புலிகள் ஆயுதத்தோடு வைத்தியசாலைக்குள் வந்தது குற்றம். நோயாளர்களின் உயிரைத் தங்கள் மறைப்பாக்கியதற்கு அவர்கள் பொறுப்பு. இதைச் சொல்லத் தயங்குகிற எவரும் சிவபாதசுந்தரத்துக்கு அஞ்சலி செலுத்தும் தகுதியை இழந்துவிடுகிறார்கள். ஆனால் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனிவா உடன்படிக்கை இந்த நிலைமையை நினைத்தே எழுதப்பட்டது. அதன் 18ஆம் உறுப்புரை, வைத்தியசாலை எந்த நிலையிலும் தாக்கப்படக் கூடாது என்கிறது. 19ஆம் உறுப்புரை, எதிரிக்குத் தீங்கான செயல் உள்ளே நடந்தாலும்கூட, முதலில் எச்சரிக்கை கொடுத்து, நியாயமான அவகாசமும் கொடுத்து, அது கேட்கப்படாத பின்னரே பாதுகாப்பு நீங்கும் என்கிறது. காயப்பட்ட போராளிகள் உள்ளே சிகிச்சை பெறுவதோ, அவர்களிடமிருந்து எடுத்த சிறு ஆயுதங்களும் சன்னங்களும் அங்கே கிடப்பதோ பாதுகாப்பை நீக்காது என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. இது இரு நாடுகளுக்கிடையிலான போர் அல்ல, ஆகவே பொருந்தாது என்று வக்கீல் வாதம் பேசினாலும், நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை எஞ்சி நிற்கிறது: ஆயுதம் ஏந்தாதவனையும் காயப்பட்டவனையும் கொல்லாதே. இந்த உடன்படிக்கைகளுக்காக 1960இல் தனிச் சட்டமே இயற்றிய நாடு இந்தியா. அந்த வைத்தியசாலைக்கு எப்போது எச்சரிக்கை கொடுக்கப்பட்டது? எவர் கொடுத்தார்? எவ்வளவு அவகாசம் கொடுத்தார்? முப்பத்தெட்டு வருடமாக இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லை.

ஆஸ்பத்திரியோடு முடிந்திருந்தால் ஒரு படைப்பிரிவின் அத்துமீறல் என்று சொல்லலாம். 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் ஆறு இந்தியப் படையினர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ நிருபர் டேவிட் ஹவுஸிகோ, ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நிருபர் ரீட்டா செபஸ்தியான் போன்றவர்கள் அங்கே போய் எழுதினார்கள். இந்தியாவின் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜோர்ஜ் பெர்ணாண்டஸ் இதை இந்தியாவின் ‘மை லாய்’ என்றார். அமெரிக்கப் படையினர் 1968இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் செய்த படுகொலையோடு ஒப்பிட்டுச் சொன்னது அது. அதே ஜோர்ஜ் பெர்ணாண்டஸ் 1998இல் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரானார். வல்வெட்டித்துறைக் கோப்பு அவருடைய மேசைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எதிர்க்கட்சியில் நின்று சொன்ன சொல்லை அமைச்சில் அமர்ந்தபோது அவர் விசாரணையாக மாற்றவில்லை. அதை எம்மால் மறக்க முடியாது. மை லாயிலாவது லெப்டினன்ட் கெலி 1971இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். பின்னர் தண்டனையைக் குறைத்து அவரைக் காப்பாற்றினார்கள் என்பது வேறு கதை. ஒரு நீதிமன்றமாவது கூடியது. வல்வெட்டித்துறைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் பகிரங்கமாக அதுவும் கூடவில்லை.

இந்தியாவுக்கு ஒரு படுகொலையின் வலி என்ன என்று நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1919 ஏப்ரல் 13 அமிர்தசரஸ். ஜாலியன்வாலா பாக் நுழைவாயிலை அடைத்து நின்று பிரித்தானிய ஜெனரல் டயரின் படை சுட்டதில் அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் இறந்தார்கள். அந்நிய ஆட்சியே அந்த ஆண்டுக்குள் ஹன்டர் குழுவை நியமித்து விசாரித்தது. காங்கிரஸ் தனியாகவும் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. 2019இல் நூற்றாண்டு வந்தபோது பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே வருத்தம் தெரிவித்தார்; அது போதாது, முழு மன்னிப்பு வேண்டும் என்று இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். நூறு வருடமானாலும் மன்னிப்புக் காலாவதியாகாது என்று லண்டனிடம் சொல்கிற நாடு, முப்பத்தெட்டு வருடத்தை ஏன் மறைக்கிறது? அமிர்தசரஸில் பூங்காவுக்குள் கூடியவர்களின் உயிருக்கு ஒரு விலை, யாழ்ப்பாணத்தில் கட்டிலில் கிடந்தவர்களின் உயிருக்கு வேறு விலையா?

முப்பத்தெட்டு என்ற எண்ணில் இன்னொரு நினைவும் உண்டு. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30இல் பிரித்தானியப் படை ஊர்வலத்தினர் மேல் சுட்டதில் அன்றே பதின்மூவர் இறந்தார்கள். முதலில் வந்த விசாரணை படையை வெள்ளையடித்தது. குடும்பங்கள் விடவில்லை. 1998இல் இரண்டாவது விசாரணை தொடங்கி, 2010 ஜூன் 15இல் அறிக்கை வெளிவந்த அன்றே பிரதமர் டேவிட் கமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்தது நியாயப்படுத்த முடியாதது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். டெரி மக்கள் காத்திருந்தது முப்பத்தெட்டு வருடம். எங்களுக்கும் இப்போது அதே முப்பத்தெட்டு. அறிக்கை கிடக்கட்டும், விசாரணையின் முதற் கடிதமே இன்னும் எழுதப்படவில்லை.

கொழும்பையும் விட்டுவிட முடியாது. இறந்தவர்கள் இலங்கையின் பிரஜைகள். இறந்த இடம் இலங்கை அரசின் வைத்தியசாலை. இறந்த பணியாளர்கள் இலங்கை அரசிடம் சம்பளம் வாங்கியவர்கள். தன் ஊழியர் 21 பேர் கடமை நேரத்தில் கொல்லப்பட்டதை ஓர் அரசு விசாரிக்காமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? ஆணைக்குழுக்கள் வராமலில்லை. திகதிகளைப் பாருங்கள். 1994இல் சந்திரிகா குமாரதுங்க நியமித்த மூன்று வலய ஆணைக்குழுக்கள் 1988 ஜனவரி 1க்குப் பின் நடந்தவற்றையே பார்த்தன. பெரியாஸ்பத்திரிச் சம்பவத்துக்கும் அந்தத் திகதிக்கும் இடையில் பத்துக் கிழமை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2002 பெப்ரவரி 21இல் இருந்து தொடங்கியது. ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணையும் அதே 2002 பெப்ரவரியில் கோடு போட்டது. காணாமற்போனோரை விசாரித்த பரணகம ஆணைக்குழு முதலில் 1990 ஜூன் 10இல் தொடங்கியது, இந்தியப் படை வெளியேறி மூன்று மாதம் கூட ஆகாத நாள் அது. பின்னர் அதை 1983 வரை பின்னோக்கி நீட்டினார்கள் என்றாலும் அது காணாமற்போனவர்களுக்கானது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் காணாமற்போகவில்லை. எந்த அறையில், எந்தச் சுவரோரம், எந்த நேரத்தில் விழுந்தார்கள் என்பது வரை தெரியும்.

இத்தனை ஆணைக்குழுவும் 1987 ஒக்டோபரைத் தாண்டியே கோடு கீறியது தற்செயல் என்று எடுத்துக்கொள்ள நாம் தயாரில்லை. அயல் வல்லரசைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சொந்தப் பிரஜையின் சாவைக் கொழும்பு கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. புதிய உண்மை ஆணைக்குழு அமைப்போம் என்று மாறி மாறி வருகிற அரசுகள் சொல்கின்றன. இன்றைய அரசு அப்படி ஒன்றை அமைக்குமானால் அதன் சட்டத்தில் இரண்டு விடயங்கள் எழுத்தில் வரவேண்டும். ஒன்று, காலம் 1987 ஜூலை 29இல் இருந்து 1990 மார்ச் 24 வரையான பகுதியை எந்த ஐயமுமின்றி உள்ளடக்க வேண்டும். மற்றது, பொறுப்பாளிகளாக ‘இலங்கை ஆயுதப்படைகள், ஆயுதக் குழுக்கள்’ என்று நிறுத்தாமல், இலங்கை மண்ணில் இயங்கிய வெளிநாட்டுப் படைகளையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் அந்த ஆணைக்குழுவின் கதவை யாழ்ப்பாணத்தவர் தட்டுவதில் அர்த்தமில்லை.

புதுடில்லியிடம் நாம் கேட்பது அந்நியமான எதையும் அல்ல. 2021 ஜூன் மாதம் இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒரு கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தார். போர்கள், இராணுவ நடவடிக்கைகள் தொடர்பான ஆவணங்கள் வழமையாக 25 ஆண்டுகளில் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்பது அதில் உள்ளது. ஒப்பரேஷன் பவானுக்கு அந்த 25 ஆண்டு 2012இலேயே முடிந்துவிட்டது. அன்று வைத்தியசாலைக்குள் போனது எந்தப் படைப்பிரிவு, எவருடைய கட்டளைப்படி, வானொலியில் என்ன சொல்லப்பட்டது, பின்னர் உள்ளுக்குள் ஏதாவது விசாரித்தார்களா என்பதெல்லாம் அந்தப் படையின் போர்க் குறிப்பேடுகளில் இருக்க வேண்டும். அவற்றை வெளியிடுங்கள். நீங்களே போட்ட விதியைத்தான் கேட்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரைப் பதிலாகச் சொல்கிறவர்கள் உண்டு. 1991 மே 21இல் அங்கே ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டது கொடிய குற்றம். அவரோடு இறந்தவர்களில் தமிழ்நாட்டின் சாதாரண மக்களும் இருந்தார்கள். அந்தக் கொலைக்காக இந்தியா விசேட புலனாய்வுக் குழு அமைத்தது. வர்மா ஆணைக்குழு, ஜெயின் ஆணைக்குழு என இரண்டு ஆணைக்குழுக்கள் வைத்தது. 26 பேருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரை விடுவித்தது. எஞ்சியவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். ஒரு கொலையை ஒரு நாடு எவ்வளவு ஆழமாக விசாரிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பின்னர் நடந்த ஒரு குற்றம், முன்னர் நடந்த இன்னொரு குற்றத்தை அழிக்காது. சிவபாதசுந்தரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் என்ன சம்பந்தம்? கைக்குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

எங்கள் வீட்டையும் கூட்டவேண்டியிருக்கிறது. தமிழ்க் கட்சிகளின் தலைவர்கள் புதுடில்லிக்குப் போகிறார்கள். தூதரக விருந்துகளில் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பேசுகிறார்கள், மீனவர் பிரச்சினை பேசுகிறார்கள். பேச வேண்டியவையே. பெரியாஸ்பத்திரியைப் பற்றிப் பேசினால் உதவி நின்றுவிடும், தயவு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டமும் காங்கேசன்துறை வரை மீண்டும் போட்ட தண்டவாளமும் எங்கள் சனத்துக்கு வேண்டியவை. இந்தியா செய்தது நன்மை, நன்றி உண்டு. நன்றி என்பது வாயை மூடிக்கொள்வதற்கான கூலி அல்ல. 2015 மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் இந்தியப் பிரதமர் மோடி, பொது நூலகத்துக்கு அருகே கலாசார நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். அன்று அவரோடு மேடையில் நின்ற தமிழ் அரசியல்வாதிகளில் ஒருவராவது, ஐயா, ஐந்து நிமிடம் அங்கேயும் ஒருக்கால் வந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தை எழுதியவர்கள் எமக்கு ஒரு முன்மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்களான ராஜினி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. சிறீதரன் நால்வரும் ‘முறிந்த பனை’ நூலில் இந்தியப் படையின் கொடுமையையும் புலிகளின் கொடுமையையும் ஒரே கையால் எழுதினார்கள். சாட்சிகளின் வாக்குமூலம் அவர்கள் திரட்டியதால்தான் ஆஸ்பத்திரிக்குள் நடந்தது இன்று மணி தவறாமல் எமக்குத் தெரிகிறது. உடற்கூற்றியல் கற்பித்த ராஜினியை 1989 செப்டெம்பர் 21இல் வீதியில் வைத்துச் சுட்டார்கள். சுட்டது புலிகள் என்றே அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் குற்றத்தை மறைத்துக்கொண்டு மற்றவனிடம் நியாயம் கேட்பது அவருடைய வழியல்ல. எம்முடையதும் அல்ல.

ஆகவே கோரிக்கை திட்டவட்டமாக இருக்கிறது. இந்திய நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர், 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பொதுமக்களும் பணியாளர்களும் தமது படையால் கொல்லப்பட்டதை ஏற்றுக் கூற்று ஒன்று வெளியிட வேண்டும். அதில் மன்னிப்பு என்ற சொல் இருக்க வேண்டும். வருத்தம் என்பது போதாது. ஆவணங்கள் திறக்கப்பட வேண்டும். உயிரோடுள்ள சாட்சிகள் எழுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் வாக்குமூலத்தைச் சுயாதீனமான ஒருவர் இனியும் தாமதிக்காமல் பதிய வேண்டும். குடும்பங்களுக்கான இழப்பீட்டை இரு அரசுகளும் சேர்ந்து தீர்க்க வேண்டும். பிரம்படிக்கும் வல்வெட்டித்துறைக்கும் இதே அளவுகோல்.

இவற்றுக்கு அப்பால் ஒன்றை இன்றைக்கே செய்யலாம். அதற்கு நாடாளுமன்றமோ ஆணைக்குழுவோ தேவையில்லை. பலாலியில் இந்தியப் படையினருக்கான நினைவுத்தூபிக்குப் போய் மலர் வைக்கிற இந்தியத் துணைத்தூதருக்கு, பெரியாஸ்பத்திரிக்கு வரும் வழியும் தெரியும். மருதடி ஒழுங்கையில் உள்ள அவருடைய அலுவலகத்திலிருந்து நடந்தே வரலாம். அங்கே இறந்தவர்களுக்காக ஏற்றும் நினைவு விளக்கு மாலை வரை எரியும்.